முதல் குண்டு யாருடைய துப்பாக்கியில்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: துப்பாக்கி சுடுதல் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். நீங்கள் முதன்முதலில் துப்பாக்கி பிடித்தது எப்படி? வீட்டில் யாராவது வேட்டைக்குப் போவார்களா?
– வாசகர், திண்டுக்கல்

வேட்டையா? எங்கள் வீட்டில் கரப்பான்பூச்சி அடிக்கவே அப்பா பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுவார். நான் முதலில் தொட்ட துப்பாக்கி மெரினா மணலில் பலூன்காரருடையது. அவரே அதை இரண்டாக மடக்கி, சின்ன ரவையைத் திணித்து, நிமிர்த்திக் கையில் கொடுப்பார். பச்சைப் பலூனைக் குறி பார்த்துச் சுட்டால் பக்கத்துப் பலகையில் டப்பென்று சத்தம் கேட்கும். மூன்று ரவை வீணான பிறகுதான், பச்சை வெடிக்க வேண்டுமென்றால் அதற்கு வலப்பக்கம் இருக்கும் சிவப்பைப் பார்த்துச் சுட வேண்டும் என்பது புரிந்தது. அந்தத் துப்பாக்கி இடப்பக்கம் இழுக்கும், பலூன்காரருக்கும் அது தெரியும், அவர் பிழைப்பே அதில்தானே இருக்கிறது!

நிஜத் துப்பாக்கி கல்லூரி என்.சி.சி. முகாமில் கிடைத்தது. பாயிண்ட் டூ டூ ரைபிள், ஆளுக்கு ஐந்தே ஐந்து குண்டு. வருஷமெல்லாம் பரேடு அடித்து, வெயிலில் வரிசையில் ஒரு மணி நேரம் நின்று, கடைசியில் தார்ப்பாயில் குப்புறப் படுத்தால் ஹவில்தார் தன் பூட்ஸ் முனையால் என் காலை அகட்டி வைத்துவிட்டு, "மூச்ச இழு, பாதி விடு, நிறுத்து, டிரிகர இழுக்காத, அழுத்து" என்றார். முதல் குண்டு எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. மற்ற நாலும் தாளின் ஒரு மூலையில், ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் பட்டிருந்தன. நடுவில் ஒன்றுகூட இல்லையே என்று நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்க, அவர் தாளை வெயிலில் தூக்கிப் பிடித்து, "நாலும் ஒரே இடத்துல இருக்கு பாரு. குறி பாக்குற சைட்ட நகத்தினா நடுவுக்கு வந்துடும். சிதறி அடிச்சவனுக்கு எத நகத்துறது?" என்றார். குரூப்பிங் என்பதை அதைவிட நன்றாக எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அடுத்த ஐந்து குண்டுக்கு அடுத்த வருஷம் வரை காத்திருந்தேன்.

கேள்வி: புலி வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் வெள்ளைக்காரர், வசதியான வீடு. சின்ன வயதிலேயே துப்பாக்கி கிடைத்ததில் என்ன ஆச்சரியம்?
– வாசகி, கோத்தகிரி

வெள்ளைக்காரர் என்பது சரி. வசதி என்று சொல்ல முடியாதம்மா. அப்பா நைனிடாலில் போஸ்ட்மாஸ்டர். 1881இல் அவர் இறந்தபோது ஜிம்முக்கு ஐந்து வயது, வீடு நிறையப் பிள்ளைகள். நிமோனியாவில் படுத்துப் பிழைத்த அந்தப் பையனுக்கு அண்ணன் டாம் கொடுத்தது ஒரு கவட்டை. அதுதான் ஆரம்பம். அப்புறம் உண்டைவில். இன்று கவட்டையையே நாம் உண்டிவில் என்கிறோம், ஆனால் பழைய உண்டைவில் வேறு. நிஜமான வில்லேதான், இரண்டு நாண்களுக்கு நடுவே சின்னப் பட்டை, அதில் அம்புக்குப் பதில் காய்ந்த களிமண் உருண்டை. சின்ன வயதில் ராமன் கூனியின் முதுகில் அடித்தானே, அதே சாமான். நாணை விடும் நொடியில் வில் பிடித்த மணிக்கட்டைச் சட்டென்று திருப்ப வேண்டும், தவறினால் உருண்டை சொந்தக் கட்டைவிரலிலேயே வந்து விழும். சேட்டைக்காரப் பையன்களுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

துப்பாக்கி வந்த கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சொந்தக்காரர் ஒருவர், நைனிடால் இருக்கும் குமாவுன் மலைப்பகுதியின் பறவைகளைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். அவருக்காகக் காலாதூங்கிக் காட்டில் பறவைகளை அடித்துச் சேர்த்துக் கொடுத்தான் பையன். (இன்று அதைச் செய்தால் கம்பி எண்ண வேண்டும்.) அதற்குக் கூலியாக வந்தது, குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று. வலது குழல் பிளந்து கிடந்தது, கட்டையும் குழலும் கழன்று விழாமல் பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தது. ஆக, பெயர்தான் இரட்டைக்குழல். ஒரு தடவை சுடலாம், தவறினால் மறுபடி மருந்து போட்டுக் கெட்டித்து முடிப்பதற்குள் எதிரில் நிற்பது ஓடிப்போயிருக்கும், இல்லை நம்மேலேயே பாய்ந்திருக்கும். காட்டில் காதையும் கண்ணையும் எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லிக்கொடுத்த குன்வர் சிங்கும் திருட்டு வேட்டைக்காரர்தான், கார்பெட்டே பெருமையாக எழுதியிருக்கிறார். நல்ல துப்பாக்கியும் கை நிறையத் தோட்டாவும் அந்த வயதில் கிடைத்திருந்தால் அவர் இன்னொரு சாதாரண வேட்டைக்காரராகத்தான் போயிருப்பார் என்பது என் கட்சி.

கேள்வி: ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாமாமே? எங்கள் தோட்டத்தில் முயல், கௌதாரி, மயில் எல்லாம் வருகிறது. அதில் ஆரம்பிக்கலாமா?
– வாசகர், தாராபுரம்

முதல் பாதி ஓரளவு சரி. 4.5 மில்லிமீட்டர் ரவை போடுகிற, ரவையின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாத ஏர்கன்னுக்கு லைசென்ஸ் கேட்பதில்லை. இரண்டாம் பாதிக்கு ஜெயில். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முன்னால் உங்கள் தோட்டம், வேலி, பட்டா எதுவும் செல்லாது. துப்பாக்கி மட்டுமல்ல, வலை, கண்ணி, வில் எல்லாம் அதில் ஆயுதம்தான், பறவை முட்டையை உடைத்தாலும் வேட்டைதான். மயில் தேசியப் பறவை வேறு.

பறப்பதைத்தான் சுட வேண்டும் என்று கை துறுதுறுத்தால் டிராப் போட்டி இருக்கிறது. 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் உயிருள்ள புறாக்களையே பறக்கவிட்டுச் சுட்டார்கள். இப்போது அந்த இடத்தில் 11 சென்டிமீட்டர் அகல வட்டத் தட்டு பறக்கிறது, பெயர் மட்டும் இன்னும் 'களிமண் புறா'. புதுக்கோட்டை அரச குடும்பத்துப் பிரித்விராஜ் தொண்டைமான் 2024இல் அதே பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போனது இந்தப் போட்டிக்குத்தான். முன்னோர் காட்டில் சுட்டார்கள், பேரன் தட்டைச் சுடுகிறார். மயிலுக்கும் நிம்மதி.

கேள்வி: நரிக்குறவர்கள் சுடுவதை என் தாத்தா கதை கதையாகச் சொல்வார். அவர்களுக்கு யார் பழக்கினார்கள்?
– வாசகி, பெரம்பலூர்

அப்பா பின்னால் நடந்து பழகியதுதான். சின்னப் பிள்ளையாக எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். நாட்டுத் துப்பாக்கியை நட்டமாக நிறுத்தி, மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை உருட்டி வைத்துக் கம்பியால் இடித்து, அதன்மேல் ரவை, மறுபடி நார் என்று அவசரமே இல்லாமல் வேலை நடந்தது. பக்கத்தில் ஏழெட்டு வயது மகன். துப்பாக்கி அவன் கைக்குப் போகவில்லை, நார் கிள்ளிக் கொடுப்பதுதான் அவன் வேலை. 1972 சட்டம் வந்ததும் அந்தத் தொழில் போனது, பாசிமணிதான் மிச்சம். அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க 2023 வரை ஆனது. காட்டைக் காப்பாற்றிய சட்டத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் தோலும் கொம்பும் சுவரில் மாட்டிய பங்களாக்காரர்களுக்கு அதனால் ஒரு வேளைச் சோறு குறையவில்லை, இவர்களுக்குக் குறைந்தது.

கேள்வி: மகளுக்குப் பன்னிரண்டு வயது. மனு பாக்கரைப் பார்த்ததிலிருந்து துப்பாக்கி வாங்கித் தரச்சொல்லி உயிரை எடுக்கிறாள். எது நல்ல கம்பெனி?
– வாசகர், விழுப்புரம்

எந்தக் கம்பெனியும் வேண்டாம் சார், இப்போதைக்கு. போட்டிக்கான ஏர் ரைபிள் லட்சங்களில் போகும், அதற்குமேல் கெட்டித் துணி ஜாக்கெட், பேன்ட், ஷூ. முதலில் பக்கத்தில் எந்த ரைபிள் கிளப்பில் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று விசாரியுங்கள், அங்கே கிளப் துப்பாக்கியிலேயே சுடலாம். மனு பாக்கர் குத்துச்சண்டை, டென்னிஸ், ஸ்கேட்டிங் எல்லாம் ஆடிவிட்டுப் பதினாலு வயதில்தான் துப்பாக்கிப் பக்கம் வந்தார், 2024 ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலம். நம் கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த ரைபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவனும் பள்ளி வயதில் தொடங்கியவர்தான், எங்கும் தாமதமாகிவிடவில்லை.

அங்கே நடப்பதையும் மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பத்து மீட்டர் ஏர் ரைபிளில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் பொட்டு, பேனா முனையால் தொட்டது மாதிரி இருக்கும். அதற்கு எதிரே அசையாமல் நிற்கப் பழகவே மாதக்கணக்காகும். எனக்குத் தெரிந்த ஒரு கிளப்பில் புதிதாக வந்த பெண்ணுக்கு முதல் நாள் பத்து ரவை கொடுத்தார்கள், மறுநாளிலிருந்து வெறும் துப்பாக்கி. தூக்கு, குறி பார், டிக், இறக்கு. மூன்றாவது வாரம் அவள் கோச்சிடம், "சார், ரவை ஸ்டாக் இல்லையா?" என்றாள்.

கண்ணை ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். போகும்போது அடி தட்டையான ஷூ போட்டு, முடியை இறுக்கிப் பின்னி அனுப்புங்கள்.