பருவுக்கு மாத்திரை குடிக்கிறீர்களா? முதலில் பார்லரில் சொல்லுங்கள்

ஹட்டனில் 17 வருடமாக பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். நான் டொக்டர் இல்லை. ஆனால் பரு மாத்திரை பற்றி எங்கள் தொழிலில் ஆளுக்கொன்று சொல்லி உங்களைக் குழப்புகிறோம் என்பது தெரியும். வந்த கேள்விகளுக்குத் தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.

பண்டாரவளையிலிருந்து: அக்கா, டொக்டர் பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை கொடுத்து இரண்டு மாதம். அது ஈரலைக் கெடுத்துவிடும், நிறுத்து, ஆறு பேஷியலில் சரியாக்குகிறேன் என்கிறார் பார்லர் மிஸ். நிறுத்தவா?

நிறுத்தாதீங்க தங்கச்சி. ஈரல் கதை முழுப் பொய் இல்லை, சிலருக்கு இரத்தப் பரிசோதனையில் ஈரல் என்சைம் அளவும் இரத்தக் கொழுப்பும் ஏறும், அதற்காகத்தான் டொக்டர் இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்கிறார். அந்தச் சோதனையைத் தவற விடாதீர்கள், அது போதும். இந்த மாத்திரை விட்டமின் ஏ வகை, 1982இலேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, எண்ணெய் சுரப்பியையே சுருக்கிவிடும். பேஷியல் தோலின் மேலே செய்கிற வேலை. உள்ளே கட்டியாக நின்று தொட்டாலே வலிக்கிற பருவை ஆவி பிடித்தும் பேக் போட்டும் ஒன்றும் செய்ய முடியாது, நசுக்கினால் குழிதான் மிச்சம். அப்படியானால் எங்கள் ஆட்களுக்கு ஏன் இந்த மாத்திரை மேல் இவ்வளவு கோபம்? உதடு உரிந்து, கன்னம் சிவந்து, முதல் சில வாரத்தில் பரு இன்னும் கூடி அழுதுகொண்டு வருகிற பிள்ளைகளைத்தான் நாங்கள் பார்க்கிறோம். குணமானவர்கள் பருவுக்காக எங்களிடம் திரும்பி வருவதில்லையே.

கொட்டகலை: அதே மாத்திரைதான் குடிக்கிறேன். அடுத்த மாதம் கல்யாணம். மேலுதட்டில் வேக்ஸ் செய்யலாமா?

வேண்டவே வேண்டாம். பல வருடத்துக்கு முன் ஒரு மணப்பெண்ணுக்கு நானே செய்தேன், மருந்து ஏதும் குடிக்கிறாளா என்று கேட்கவில்லை. துணியை இழுத்ததும் முடியோடு தோலும் வந்துவிட்டது. விரல் நகம் அளவுக்கு, ஈரமாக, இரத்தச் சிவப்பில். தாலி கட்டும்போதும் அந்த இடத்தில் பொருக்கு இருந்தது. இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு கனக்கும். மாத்திரை முடிந்து ஆறு மாதம் வரைக்கும் வேக்ஸ், லேசர், அமிலம் பூசித் தோல் உரிக்கிற ஆழமான பீல் எதுவும் வேண்டாம். நூல் போடுவதும் தோலைக் கீறலாம், சின்னக் கத்தரியால் வெட்டிக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. இந்த மாத்திரை குடிக்கும்போது கர்ப்பம் தரித்தால் பிள்ளைக்குக் கடுமையான குறைகள் வரலாம். நிறுத்தி ஒரு மாதம் ஆகும் வரை கர்ப்பம் கூடாது. கல்யாணத் திகதியை டொக்டரிடம் சொன்னீர்களா? வெட்கப்படாமல் இந்த வாரமே போய்ச் சொல்லுங்கள், கருத்தடையும் கேளுங்கள். மாமியாருக்குப் பயந்து மறைக்கிற விஷயம் இல்லை இது.

நுவரெலியா: பருவுக்கு டொக்சிசைக்ளின் என்ற அன்டிபயோட்டிக் மாத்திரை குடிக்கிறேன். இங்கே எப்போதும் மூடுபனி, சன்ஸ்கிரீன் எதற்கு?

நுவரெலியா 1,800 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர். ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் பத்து வீதம் அளவில் கூடும், மெல்லிய மேகம் அதை அதிகம் மறிக்காது. குளிர் இருப்பதால் சுடுவது நமக்குத் தெரிவதில்லை. டொக்சிசைக்ளின் குடிப்பவர்களின் தோல் இன்னும் சீக்கிரம் கருகும். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் சன்ஸ்கிரீனோடு தலைத்துண்டை நெற்றிக்கு மேலே நன்றாக இழுத்துக் கட்டுங்கள்.

தலவாக்கலை: எனக்கும் அதே டொக்சிசைக்ளின். கிளினிக்கில் தந்த இரும்புச்சத்து மாத்திரையையும் சேர்த்தே விழுங்குகிறேன், பரு குறையவில்லை.

இரும்பு அந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. எத்தனை மணி நேரம் இடைவெளி என்று மருந்துக் கடையிலேயே கேளுங்கள். இரும்புச்சத்து கர்ப்பத்துக்காகத் தந்தது என்றால் டொக்சிசைக்ளினே கூடாது, உடனே டொக்டரிடம் சொல்லுங்கள். அப்புறம், டொக்சிசைக்ளினை ஒரு கிளாஸ் தண்ணீரோடு குடித்துவிட்டு அரை மணி நேரமாவது நிமிர்ந்து இருங்கள். குடித்த கையோடு படுத்தால் தொண்டைக்குக் கீழே புண்ணாகலாம்.

பதுளை: அக்கா குடித்த ஐசோட்ரெட்டினோயின் மிச்சம் இருக்கிறது. நான் குடிக்கலாமா?

கூடாது. உங்கள் எடைக்கும் இரத்தத்துக்கும் பார்த்துத்தான் அளவு தருவார்கள். அரச ஆஸ்பத்திரி தோல் கிளினிக்கில் காசில்லாமல் பார்ப்பார்கள், வரிசையில் அரை நாள் போகும், போகட்டும்.

கம்பளையிலிருந்து ஒரு தாய்: மகனுக்கு 16 வயது. மாத்திரை தொடங்கியதிலிருந்து யாரோடும் பேசுவதில்லை.

மாத்திரையால்தானா, பருவால் வந்த மனவேதனையா என்று நாம் வீட்டில் தீர்மானிக்க முடியாது அம்மா. அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள். தூங்குகிறானா, சாப்பிடுகிறானா என்று கவனித்து அதையும் சொல்லுங்கள். முகத்தைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேச வேண்டாம்.

மஸ்கெலியா: நானும் பார்லர் வைத்திருக்கிறேன். வருகிறவர்களிடம் என்ன கேட்க வேண்டும்?

அந்த மணப்பெண்ணுக்குப் பிறகு நான் தடித்த அட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பி வைத்திருக்கிறேன். "மருந்து ஏதும் குடிக்கிறீங்களா" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள், பரு மாத்திரையை மருந்தாகவே நினைப்பதில்லை. அதனால் "கடந்த ஆறு மாதத்தில் பருவுக்கு மாத்திரை குடித்தீங்களா, பெட்டியைக் காட்டுங்க" என்று கேட்கிறேன். பெயரை எழுதிக்கொண்ட பிறகுதான் வேக்ஸைச் சூடாக்குவேன்.