வேறு வேலை பார்த்துக்கொண்டே இசை செய்பவரை உண்மையான கலைஞர் என்று சொல்ல முடியுமா?

தாராளமாகச் சொல்லலாம். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் பகலில் ஏதோ வேலைக்குப் போகிறீர்கள், "ஒன்று இதைப் பார், இல்லை அதைப் பார்" என்று வீட்டில் யாரோ சொல்லிவிட்டார்கள் என்று தோன்றுகிறது.

நான் மதுரையில் ஏசி சர்வீஸ் செய்கிறேன். 14 வருடமாக மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டும் வாசிக்கிறேன். போன சித்திரையில் ஒரு வீட்டில் இன்டோர் யூனிட்டுக்குக் கவர் கட்டித் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டு அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, எங்க பொண்ணு ரிசப்ஷன்ல கீபோர்டு வாசிச்சது நீங்கதானே?" என்றார். ஆமாம்க்கா என்றேன். உடனே அவர் வீட்டுக்காரர், "அடப் பாவமே, கலைஞனுக்கு இந்த நிலைமையா" என்று உச்சுக் கொட்டினார். எனக்கு வாயே வரவில்லை. ஃபில்டர் காய்ந்ததும் மாட்டிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அன்று ராத்திரி பிலிப் கிளாஸைப் பற்றி மறுபடி தேடிப் படித்தேன். 1937-ல் பால்டிமோரில் பிறந்த அமெரிக்க இசையமைப்பாளர். அப்பா ரெக்கார்டு கடை வைத்திருந்தவர், விற்காத ரெக்கார்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஏன் விற்கவில்லை என்று தெரிந்துகொள்ளவே போட்டுக் கேட்பாராம். மகன் நியூயார்க்கின் ஜூலியார்டு இசைப் பள்ளியில் படித்தார், பாரிஸில் நாடியா பூலான்ஜே என்ற இசை ஆசிரியையிடம் படித்தார், அங்கேயே சிதார் ரவிசங்கர், தபலா அல்லா ரக்கா இருவரோடும் வேலை செய்து தாளக் கணக்கைப் பிடித்துக்கொண்டார். 2, 3 என்று சின்னச் சின்னக் கட்டாகச் சேர்த்து நீட்டிக்கொண்டே போகிற அவர் பாணிக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. தக, தகிட என்று வாயால் சொல்லிக்கொண்டே கேட்டுப் பாருங்கள், சட்டென்று பிடிபடும்.

இவ்வளவு படித்தவர் நியூயார்க்கில் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கினார், பிளம்பிங் பார்த்தார், டாக்ஸி ஓட்டினார். ராத்திரி வண்டியை விட்டுவிட்டு வந்து விடியும்வரை எழுதுவார், பிறகு பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டுத்தான் தூக்கம். 1976-ல் 'ஐன்ஸ்டீன் ஆன் தி பீச்' என்ற அவருடைய கிட்டத்தட்ட 5 மணி நேர ஓபரா, அதாவது இசை நாடகம், நியூயார்க்கின் பெரிய ஓபரா அரங்கான மெட்ரோபாலிட்டனிலேயே நடந்தது. மிஞ்சியது கடன்தான், மறுபடி டாக்ஸிக்கே போனார். 41 வயதுவரை இப்படித்தான். அப்புறம்தான் நெதர்லாந்திலிருந்து ஒரு ஓபராவுக்கு அழைப்பு வந்தது: காந்தியின் தென்னாப்பிரிக்க நாட்களைப் பற்றி, கீதையின் சமஸ்கிருத வரிகளை வைத்துச் செய்த 'சத்யாகிரகா', 1980.

ஒருமுறை ஒரு வீட்டில் டிஷ்வாஷர் மாட்டிக்கொண்டிருந்தாராம். அது 'டைம்' பத்திரிகையின் கலை விமர்சகர் ராபர்ட் ஹியூஸ் வீடு. அவர் அடையாளம் கண்டு, நீங்கள் கலைஞராயிற்றே என்று பதறியிருக்கிறார். கலைஞன்தான், சில நேரம் பிளம்பரும்கூட, தள்ளி நின்றால் வேலையை முடிப்பேன் என்றாராம் கிளாஸ். அந்தப் பதில் அன்றைக்கு எனக்கு வாயில் வந்திருக்க வேண்டும்.

நீயும் பிலிப் கிளாஸும் ஒன்றா என்று யாராவது கேட்கலாம். அப்படி நான் எங்குமே சொல்லவில்லை. பகலில் கையில் ஸ்பேனர் இருந்தால் ராத்திரி வாசிப்பது பொய்யாகிவிடாது, அவ்வளவுதான் சொல்கிறேன். வாசிப்பு மோசமென்றால் மோசம் என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். பாவம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஏசிக்கான பணத்தை அந்த அண்ணன் நான் படி இறங்குவதற்குள் போனில் அனுப்பிவிட்டார். ரிசப்ஷனுக்குப் பேசியதில் மீதி 6,000 ரூபாய் இன்னும் குழுவுக்கு வரவில்லை. இவர் மட்டுமில்லை, பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் அன்றைக்கே கணக்கு முடிக்கிறவர்கள் எங்களிடம் மட்டும் "அடுத்த வாரம் பாக்கலாம் தம்பி" என்கிறார்கள். எங்கள் டிரம்ஸ் பையன் அந்தப் பணத்தை நம்பித்தான் மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டத் தவணை சொல்லியிருந்தான்.