இறுதியாட்டத்தில் அந்த ஜெர்சி யாருக்கு?

கேள்வி: ஐயா, நான் குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்க்காரன். வயது 25. சென்னை பரங்கிமலையில் ராணுவ அதிகாரிப் பயிற்சி முடித்து, இப்போது வடக்கே எல்லையோரம் ஒரு யூனிட்டில் லெப்டினன்டாக இருக்கிறேன். படிக்கிற காலத்தில் எங்கள் ஊர் அணிக்கு நான்தான் சென்டர் ஃபார்வர்டு. பல்கலைக்கழக அணிக்கும் ஆடியிருக்கிறேன். இப்போது லீவில் வந்திருக்கிறேன். எங்கள் அணி செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) டோர்னமென்டில் இறுதியாட்டம் வரை வந்துவிட்டது. இந்த மாதக் கடைசி ஞாயிறு ஆட்டம். இந்த முறை என் இடத்தில் ஆடுவது 19 வயதுப் பையன். இதுவரை நடந்த நான்கு ஆட்டத்திலும் அவன்தான் இறங்கினான். கோச் என்னைக் கூப்பிட்டு, "ஃபைனலுக்கு நீ இறங்கு" என்கிறார். கூட்டாளிகள், "மக்கா, நீ எறங்கினா கப்பு நமக்குத்தான்" என்கிறார்கள். எனக்கும் ஆசைதான், பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பையன் என்னைப் பார்த்தால் சிரிக்கிறான். ஆனால் முன்பு போலப் பேசுவதில்லை. நான் ஆடலாமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். பட்டாளத்துக்குப் போனதோடு என் ஃபுட்பால் முடிந்துவிட்டதா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்: அன்புள்ள தம்பி,

சுற்றி வளைக்காமல் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இறங்க வேண்டாம். அந்தப் பையனே ஆடட்டும்.

ஏன் என்று சொல்ல, உங்களைப் போலவே சென்டர் ஃபார்வர்டாக ஆடிப் பிறகு ராணுவ அதிகாரியான ஒருவரின் கதையைச் சொல்ல வேண்டும். பெயர் விவியன் வுட்வர்ட். 1879-இல் லண்டன் கென்னிங்டனில் பிறந்தவர். தொழிலால் கட்டடக் கலைஞர். வாரம் முழுக்க வரைபடம் போடுவார், சனிக்கிழமை பூட்ஸ் மாட்டிக்கொண்டு டாட்டன்ஹாம் கிளப்புக்கு ஆடப் போவார். பின்னாளில் செல்சி கிளப்புக்கு ஆடினார். சம்பளம் வாங்காத அமெச்சூர் ஆட்டக்காரர். கூட ஆடியவர்களில் பெரும்பாலானவர்கள் சம்பளத்துக்கு ஆடும் தொழில்முறைக்காரர்கள். அந்தக் கால இங்கிலாந்தில் இந்த இரண்டு வகைக்கும் நடுவில் பெரிய சமூக இடைவெளி இருந்தது. இப்படிச் சும்மா ஆடியவர் எவ்வளவு ஆடியிருப்பார் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் முழு அணிக்காக 23 ஆட்டம், 29 கோல். இன்றைய ஃபார்வர்டு யாருக்கும் அந்தக் கணக்கு பெருமைதான். 1908 லண்டன் ஒலிம்பிக், 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் இரண்டிலும் பிரிட்டன் தங்கம் வென்றபோது கேப்டன் அவர். இரண்டு இறுதியாட்டத்திலும் எதிரணி டென்மார்க். 1908-இல் 2-0 என்று ஜெயித்தார்கள், இரண்டாவது கோல் அவருடையது. ஒல்லியான ஆள். முரட்டு டிஃபெண்டர்கள் தட்டித் தள்ளுவார்கள், திருப்பி அடிக்க மாட்டார் என்று பெயர் வாங்கியவர்.

1914-இல் முதல் உலகப் போர் வந்தது. வுட்வர்ட் அந்த ஆண்டே பட்டாளத்தில் சேர்ந்தார். சின்னப் பையன் இல்லை, 35 வயது. அப்போது இங்கிலாந்தில் கால்பந்து மேல் பெரிய கோபம் இருந்தது. அங்கே பையன்கள் சாகிறார்கள், இங்கே பந்தை உதைத்துக்கொண்டிருக்கிறீர்களா என்று பத்திரிகைகள் திட்டின. அதற்குப் பதில் மாதிரி, அந்த டிசம்பரில் லண்டன் ஃபுல்ஹாம் டவுன் ஹாலில் ஒரு கூட்டம் போட்டு, ஆட்டக்காரர்களையும் ரசிகர்களையும் சேர்த்தே ஒரு பட்டாலியன் தொடங்கினார்கள். மிடில்செக்ஸ் ரெஜிமென்டின் 17-வது பட்டாலியன். ஜனங்கள் அதை ஃபுட்பாலர்கள் பட்டாலியன் என்றே கூப்பிட்டார்கள். வுட்வர்ட் அதில் அதிகாரியானார்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 1915 ஏப்ரல் 24. இங்கிலாந்து கிளப்புகள் மோதும் பெரிய போட்டியான எஃப்.ஏ. கோப்பையின் இறுதியாட்டம், மான்செஸ்டர் ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்தில். செல்சி வரலாற்றில் முதல்முறையாக அந்த இறுதியாட்டத்துக்கு வந்திருக்கிறது. எதிரே ஷெஃபீல்ட் யுனைடெட். பார்க்க வந்த கூட்டத்தில் சீருடை போட்ட சிப்பாய்கள் அவ்வளவு பேர் இருந்ததால் அதற்குக் காக்கிக் கோப்பை இறுதியாட்டம் என்றே பெயர் விழுந்துவிட்டது. வுட்வர்டுக்கு ராணுவம் லீவு கொடுத்தது, போய் ஆடு என்று. செல்சியின் பெரிய பெயர் அவர். ஆனால் அந்தப் பருவத்தில் அவர் பெரும்பாலும் பட்டாளத்தில் இருந்தபோது, சென்டர் ஃபார்வர்டாக ஆடிச் செல்சியை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தவர் பாப் தாம்சன் என்பவர். அவருக்கு ஒரு கண் பார்வை கிடையாது. ஒற்றைக் கண்ணோடு இங்கிலாந்து லீக்கின் உச்சப் பிரிவான முதல் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்த மனிதர்.

வுட்வர்ட் மாட்டேன் என்றார். இதுவரை ஆடி அணியைக் கொண்டுவந்தவர் தாம்சன், இறுதியாட்டத்திலும் அவர்தான் ஆட வேண்டும் என்றார். தாம்சன் ஆடினார்.

செல்சி 3-0 என்று தோற்றது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இது நீதிக்கதை ஆகிவிடும். அவர் இறங்கியிருந்தால் ஜெயித்திருப்பார்களா என்று அன்றைக்கே எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! இதையும் யோசித்துப் பாருங்கள்: அதோடு போர் முடியும் வரை லீக்கும் கோப்பையும் நின்றுபோயின. வுட்வர்டுக்கு அடுத்த வாய்ப்பு வரவே இல்லை. இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய அந்த மனிதர் ஒரு எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில்கூட ஆடியதில்லை. விட்டுக்கொடுத்தது அவ்வளவு பெரிய விஷயம்.

இந்தக் கதை எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதற்கு முன்னால், 17 வயதில், எங்கள் ஊர் கிளப்புக்கு லெஃப்ட் பேக் ஆடினேன். ஒரு டோர்னமென்டில் மூன்று ஆட்டம் ஆடி ஃபைனலுக்கு வந்துவிட்டோம். கிளப்பில் மொத்தமே பதினொரு ஜெர்சிதான். என்னுடையது மூன்றாம் நம்பர். நம்பர் துணி ஓரம் பிய்ந்து தொங்கியதை முதல் நாள் ராத்திரி அம்மா விளக்கடியில் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தார். மறுநாள் மைதானத்தில் ஓடி உடம்பைச் சூடு பண்ணிக்கொண்டிருக்கிறோம். வெளியூரில் வேலையில் இருந்த ஒரு அண்ணன், எங்கள் எல்லோருக்கும் ஹீரோ, சைக்கிளில் வந்து இறங்கினார். பெரியவர்கள் ஓரமாகப் பேசினார்கள். பிறகு ஒருவர் என்னிடம் வந்து, "டேய், ஜெர்சியக் கழட்டு" என்றார். வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்த அதை உரித்துக் கொடுத்தேன். அந்த அண்ணனுக்கு அது தோளில் இறுக்கம். கையைத் தூக்கியபோது அம்மா போட்ட தையல் விட்டுப்போனதைப் பார்த்தேன்.

அன்று நாங்கள் ஜெயித்தோம், 2-1. நன்றாகத்தான் ஆடினார் அவர். ஆட்டம் முடிந்ததும் குரூப் போட்டோவுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். பனியனோடு நிற்க வெட்கப்பட்டு நான் போகவில்லை. அந்தப் போட்டோ இன்றும் அந்த ஊரில் ஒரு டீக்கடையில் மாட்டியிருக்கிறது. அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் நான் அந்த மைதானத்துப் பக்கமே போகவில்லை. அந்த அண்ணன் கெட்டவர் இல்லை, தம்பி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று யாருக்குமே தோன்றவில்லை, அவ்வளவுதான். உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. "சிரிக்கிறான், ஆனால் பேசுவதில்லை" என்று கவனித்து எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும், கேள்வி கேட்கும்போதே உங்களுக்குப் பதில் தெரியும் என்று புரிந்துகொண்டேன்.

உங்கள் ஆசை தப்பு என்று சொல்லவில்லை. பூட்ஸைத் தொட்டால் கால் தானாகத் துடிக்கும், எனக்குத் தெரியும். ஒரு விஷயத்தில் உங்களுக்கு வசதி இருக்கிறது. வுட்வர்ட் காலத்தில் மாற்று ஆட்டக்காரர் என்ற வழக்கமே கிடையாது. இங்கிலாந்து லீக்கில் அது 1965-இல்தான் வந்தது. தொடங்கும்போது இறங்காதவன் கடைசி வரை வேடிக்கைதான் பார்க்க வேண்டும். செவன்ஸில் அப்படி இல்லை. டோர்னமென்ட் விதி இடம் கொடுத்தால், வெளியே உட்காரும் மாற்று ஆட்டக்காரராகப் பெயர் கொடுங்கள். பையனுக்கு அடிபட்டால், அல்லது அவனே கை காட்டிக் கூப்பிட்டால், அப்போது உள்ளே போங்கள். மற்றபடி ஒரு கோல் பின்தங்கிவிட்டோம் என்பதற்காகக் கூட்டம் உங்கள் பெயரைச் சொல்லிக் கத்தினாலும் எழுந்திருக்காதீர்கள். இடையில் அவனை வெளியே எடுத்துவிட்டு நீங்கள் போவது, முதலிலேயே ஜெர்சியை வாங்கிக்கொள்வதைவிட மோசம். அவன் தோற்றுவிட்டான் என்று ஊர் முன்னால் அறிவிப்பது போல ஆகிவிடும்.

கோச்சிடம் இதை இப்போதே, தனியாக, அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். மைதானத்தில் பத்துப் பேர் முன்னால் சொன்னால், பெருந்தன்மையைக் காட்டிக்கொள்வது போல இருக்கும். அவருக்கும் அது மரியாதையாக இருக்காது. அந்தப் பையனிடம் "உனக்காக விட்டுக்கொடுத்தேன்" என்ற வார்த்தை மட்டும் வாயில் வரக் கூடாது. அது அவனுடைய இடம். விட்டுக்கொடுக்க உங்களிடம் ஒன்றும் இல்லை.

இரண்டாவது கேள்வி, ஃபுட்பால் முடிந்துவிட்டதா என்பது. இல்லை. சம்பளம் வாங்காமல் ஆடுகிறவனுக்கு ஆட்டத்தை யாரும் முடித்துவைக்க முடியாது. உங்கள் யூனிட்டிலேயே அணி இருக்கும், போய்ச் சேருங்கள். வாரம் முழுக்க உங்களுக்கு சல்யூட் அடிக்கும் ஜவான் மைதானத்தில் உங்களிடமிருந்து பந்தைப் பறிப்பான். இளம் அதிகாரி தன் ஆட்களைத் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. நம் நாட்டில் கால்பந்து வளர்ந்ததில் பட்டாளத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1888-இல் சிம்லா பக்கம் டுராண்ட் கோப்பை தொடங்கியது ராணுவ அணிகளுக்காகத்தான். நம்ம நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணி அந்தக் கோப்பையை 1955-இலும் 1958-இலும் வென்றிருக்கிறது. அந்த அணியில் ஆடிய பீட்டர் தங்கராஜ் 1956, 1960 ஒலிம்பிக்குகளில் இந்தியாவுக்குக் கோல்கீப்பர். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியிலும் அவர் இருந்தார். வெலிங்டனில் சேர்ந்த புதிதில் அவரும் சென்டர் ஃபார்வர்டுதான். ஆட்டம் ஒருவரை எந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

வுட்வர்டுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று நினைப்பீர்கள். பிரான்ஸ் போர்முனைக்குப் போனார். 1916 ஜனவரியில் கைக்குண்டு வெடித்துக் காலில் காயம். ஊருக்கு அனுப்பி வைத்தார்கள். தேறியதும் அதே ஆண்டு திரும்பப் போனார். கேப்டன் பதவி வரை உயர்ந்தார். போர் முடிந்தபோது 40 வயதை நெருங்கியிருந்தார், காலும் பழையபடி இல்லை. செல்சிக்கு மறுபடி ஆடவில்லை. கொஞ்ச காலம் சின்ன அணியில் ஆடினார், பிறகு எசெக்ஸில் நிலம் வாங்கி விவசாயம் பார்த்தார். 1922-இலிருந்து எட்டு ஆண்டு செல்சி கிளப்பின் இயக்குநர்களில் ஒருவராகவும் இருந்தார்.

கடைசிக் காலம்தான் மனசைப் பிசைகிறது. லண்டன் ஈலிங்கில் ஒரு முதியோர் மருத்துவ இல்லத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். பார்க்கப் போன பத்திரிகையாளரிடம், கூட ஆடியவர்கள் யாரும் இரண்டு வருஷமாக வந்து பார்க்கவில்லை என்று வருத்தப்பட்டாராம். 1954 ஜனவரியில் இறந்துபோனார்.

அதனால் லீவு முடிவதற்குள் ஒன்று செய்யுங்கள். உங்களுக்கு முன்னால் உங்கள் அணிக்கு ஆடியவர்களில், கடலுக்கும் போக முடியாமல் மைதானத்துக்கும் வர முடியாமல் வீட்டோடு கிடப்பவர் யாராவது நிச்சயம் இருப்பார். அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். ஃபைனலுக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். அவர் எந்தக் காலத்து ஆட்டத்தையோ சொல்ல ஆரம்பிப்பார், அவசரப்படாமல் உட்கார்ந்து கேளுங்கள். திரும்பும் வழியில் அவன் உங்களிடம் பேச ஆரம்பித்துவிடுவான் என்று நம்புகிறேன்.

ஞாயிறு காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் அவனை மணலுக்குக் கூட்டிப்போய், நீங்கள் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பந்தை எடுத்துக் கொடுங்கள், அவன் அடிக்கட்டும். அரை மணி நேரம் போதும். சாயங்காலத்துக்குக் கால் மிச்சம் இருக்க வேண்டும்.