கல்லூரிச் சமூக சேவைக்கு முன் வாங்கும் பொறுப்பு விலக்குப் படிவம் என்றால் என்ன?

சேவைப் பணியில் அடிபட்டால் கல்லூரியிடம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடமாட்டேன் என்று மாணவர் முன்கூட்டியே எழுதித் தரும் ஒப்புதல்தான் இது. ஏன் கேட்கிறார்கள்? வேலை நடப்பது வளாகத்துக்கு வெளியே. முதியோர் இல்லமோ ஆற்றங்கரையோ, அங்குள்ள ஒவ்வோர் ஆபத்தையும் கல்லூரியால் கட்டுப்படுத்த முடியாது. மாணவர் தெரிந்தேதான் வந்தார் என்பதற்கு எழுத்தில் சான்று வேண்டும்.

நீச்சல் குளத்தில் சேரும்போது வாங்கும் கையெழுத்து மாதிரிதான். தண்ணீரில் கால் வழுக்குவது உங்கள் பொறுப்பு. உடைந்தது தெரிந்தும் ஏணியை அப்படியே விட்டது அவர்கள் பொறுப்பு.

சரி, கையெழுத்துக்கு முன் என்ன பார்ப்பது? ஆபத்துகள் வெளிப்படையாக எழுதப்பட்டுள்ளனவா, காப்பீடு யார் தருகிறார்கள் என்பதைக் கட்டாயம் கேளுங்கள். இதில் தயக்கமே வேண்டாம்.

கையெழுத்துப் போட்டால் எல்லா உரிமையும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, கடும் அலட்சியத்தால் நேர்ந்த காயத்துக்கு இந்தப் படிவத்தைப் பல நாடுகளின் நீதிமன்றங்கள் ஏற்பதில்லை.