டாம் எலிசன்: கறுப்பு ஜெர்சியும் கூலியும்

வணக்கம்.

நியூசிலாந்து ரக்பி அணியான ஆல் பிளாக்ஸ் பற்றிய உங்கள் கட்டுரையில் டாம் எலிசன் பெயர் ஒரே வரியில் வந்துபோனது. கறுப்பு ஜெர்சியை முன்மொழிந்தவர் என்பதைத் தாண்டி அவரிடம் என்ன இருக்கிறது? இன்னொன்று, ஆடி ஓய்ந்தவர்கள் நிர்வாகத்துக்கு வந்தால்தான் விளையாட்டு உருப்படும் என்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. நாற்காலி கிடைத்ததும் ஆட்டக்காரரின் பாடு மறந்துவிடும். எலிசனும் அப்படித்தானா?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

1893-இல் நியூசிலாந்து ரக்பி சங்கத்தின் முதல் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எலிசன் முன்மொழிந்தது கறுப்பு ஜெர்சி, அதில் வெள்ளிப் பெரணி இலை. கால்சட்டை அப்போது வெள்ளைதான். அது கறுப்பானது பிற்பாடு. ஆனால் அவருடைய பெரிய முன்மொழிவு என்று நான் கருதுவது 1898-இல் அவர் வைத்ததை. நீண்ட பயணம் போகும் ஆட்டக்காரர் இழக்கும் கூலியை ஈடுகட்ட வேண்டும் என்றார் அவர். அமெச்சூர், அதாவது பணம் வாங்காமல் ஆடுபவர் என்ற சொல்லைச் சங்கங்கள் சாமி மாதிரி கும்பிட்ட காலம் அது.

அந்த எண்ணத்தின் வேர் 1888-இல் இருக்கிறது. ஒட்டாகோவில் பிறந்த, நியூசிலாந்தின் பூர்வகுடியான மாவோரி இளைஞரான அவர், அப்போது வெலிங்டனில் போனெகே கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்தார். ஜோ வார்பிரிக் தனிப்பட்ட முறையில் திரட்டிய 'நேட்டிவ்ஸ்' அணியோடு கப்பலேறினார். மொத்தம் 107 ரக்பி ஆட்டங்கள், 78 வெற்றி. பிரிட்டனில் மட்டும் ஆறு மாதத்துக்குள் 74, அதாவது வாரத்துக்கு மூன்று. ஒரு காயம் ஆறுவதற்குள் அடுத்த ஊர், அடுத்த மைதானம். ஒரு வருஷத்துக்கும் மேலாக ஊரில் வேலையும் இல்லை, வருமானமும் இல்லை. இதைக் கூடவே இருந்து பார்த்தவர் எலிசன்.

அந்தப் பயணத்தில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1889 பிப்ரவரி, பிளாக்ஹீத்தில் இங்கிலாந்துடன் ஆட்டம். இங்கிலாந்து ஆட்டக்காரர் ஸ்டாடர்ட்டின் கால்சட்டை கிழிந்துவிட்டது. அவர் மாற்றிக்கொள்வதற்காக மாவோரி ஆட்டக்காரர்கள் மரியாதையாக அவரைச் சுற்றி மறைத்து நின்றார்கள். ஆட்டம் நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது இங்கிலாந்தின் ஃபிராங்க் எவர்ஷெட் பந்தை எடுத்து ஓடி, எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் தரையில் பதித்து 'டிரை' வைத்துவிட்டார். நடுவர் அதைச் செல்லும் என்றார். நேட்டிவ்ஸ் அணியில் சிலர் வெளிநடப்புச் செய்தார்கள். மன்னிப்புக் கேட்கச் சொன்னது இங்கிலாந்து ரக்பி சங்கம், அதுவும் மாவோரிகளை! அன்றைய நடுவர் ரோலண்ட் ஹில் அதே சங்கத்தின் செயலாளர். தீர்ப்புச் சொன்னவரும் தண்டித்த அமைப்பும் ஒரே இடம். எனக்கு இன்றும் இது அநியாயமாகவே படுகிறது. பல வருஷம் கழித்து எழுதிய புத்தகத்திலும் அந்தத் தீர்ப்புகளை எலிசன் விடவில்லை.

உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். அதற்கு ஆதாரமே உண்டு. அந்தப் பயணத்தின்போது இங்கிலாந்துச் சங்கத்தின் தலைவராக இருந்த ஆர்தர் பட், இங்கிலாந்துக்காக ஆடியவர். ஆட்டக்காரருக்குப் பணம் தருவதைக் கடுமையாக எதிர்த்தவரும் அவர்தான். அவர் டாக்டர். சனிக்கிழமை ஆட்டத்துக்காக அரைநாள் கூலியை விட வேண்டிய நிலைமை அவருக்கு இல்லை. யார்க்‌ஷயர், லங்காஷயர் பக்கத்துச் சுரங்கத் தொழிலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் இருந்தது. அந்தக் கூலியை ஈடுகட்டலாம் என்ற தீர்மானம் 1893-இல் இங்கிலாந்துச் சங்கத்தில் 282-க்கு 136 என்று தோற்றது. 1895 ஆகஸ்டில் ஹட்டர்ஸ்ஃபீல்டில் வடக்குக் கிளப்புகள் கூடித் தனிச் சங்கம் கண்டன. ரக்பியின் தனிக் கிளையான இன்றைய ரக்பி லீக் அங்கிருந்து வந்தது. பழைய சங்கங்களின் ஆட்டம்தான் ரக்பி யூனியன்.

ஆகவே ஆடியவரா, ஆடாதவரா என்று பார்த்தால் போதாது. யாரோடு ஆடினார் என்று பார்க்க வேண்டும். எலிசன் வக்கீலானார். மாவோரிகளில் முதன்முதலாக வழக்கறிஞரானவர்களில் ஒருவர். சொந்தமாகக் கஷ்டப்பட வேண்டிய நிலை தாண்டிய பிறகும் கூலிக் கேள்வியை விடவில்லை. பணத்துக்கு ஆடுவதை அவர் பொதுவாக ஆதரித்தார் என்று இதை நீட்டிவிடக் கூடாது. அமெச்சூர் விதியை நீண்ட பயணங்களுக்குப் பொருத்தாதீர்கள் என்பதே அவர் வாதம். எவ்வளவு நியாயமான, எவ்வளவு சின்ன கோரிக்கை!

ஆட்டத்திலும் அவர் கை உண்டு. இரு அணி முன்வரிசைக்காரரும் பிணைந்து பந்துக்காக முட்டித் தள்ளும் ஸ்க்ரம்மில் ஏழு பேர், எட்டாமவர் பந்தை உள்ளே போட்டுவிட்டு, பின்னால் பந்தை எடுக்க நிற்கும் தன் ஹாஃப்-பேக்கை எதிரணியிடமிருந்து மறைத்து நிற்பார். 'விங்-ஃபார்வர்டு' என்ற இந்த முறையைச் செப்பனிட்டுப் பரப்பியவர் அவர். நியூசிலாந்து 1932 வரை அப்படித்தான் ஆடியது. எதிரணிகள் இதை ஏமாற்று என்றே திட்டின. 1902-இல் அவர் எழுதிய பயிற்சி நூலில் இதைத்தான் விரிவாகப் படிக்கலாம்.

எலிசன் 1904-இல் இறந்தார், முப்பதுகளின் நடுவில். அவர் சொன்னதை நியூசிலாந்துச் சங்கம் கேட்கவில்லை. 1907-இல் ஆல்பர்ட் பாஸ்கர்வில் திரட்டிய நியூசிலாந்து அணி, வருமானத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாட்டோடு இங்கிலாந்துக்குப் போய், 1895-இல் பிரிந்த அதே வடக்குச் சங்கத்து அணிகளுடன் ஆடியது. ரக்பி யூனியன் ஆட்டக்காரருக்கு வெளிப்படையாகப் பணம் தர அனுமதித்தது 1995-இல்.