முன்விளக்கில் கறுப்பு ஸ்ரிக்கர்: கடைக்காரர் சொன்னது நீதிமன்றத்தில் நிற்குமா?

கோண்டாவிலைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், ஆறு வாரங்களுக்கு முன் தமது ரொயோட்டா அக்சியோ காரின் முன்விளக்குகளுக்கும் பின்விளக்குகளுக்கும் 50 வீத 'ஸ்மோக்' ஸ்ரிக்கர் ஒட்டுவித்திருக்கிறார். 'வீதியில் ஓடச் சட்டப்படி சரியானது' என்று கடைக்காரர் பற்றுச்சீட்டிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார். கொக்குவிலில் இரவு மறித்த போக்குவரத்துப் பொலிஸார் சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு, யாழ்ப்பாணம் நீதவான் நீதிமன்றத்துக்குத் திகதி குறித்த பத்திரம் ஒன்றைக் கொடுத்துள்ளனர். தண்டத்தைத் தபாலகத்தில் கட்டி முடிக்கலாமா, எந்தக் கருவியும் இன்றிக் கண்ணால் பார்த்து வழக்கு எழுதலாமா, கடைக்காரரிடம் பணத்தைத் திரும்பப் பெறலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

முதற் கேள்விக்கு விடை சுருக்கமானது. தபாலகத்தில் 14 நாட்களுக்குள் கட்டும் உடனடித் தண்டப்பத்திரம் வேறு, உங்கள் கையில் இருப்பது வேறு. நீதிமன்றத் திகதி குறிக்கப்பட்டிருப்பதால் அன்று நீங்கள் நேரில் தோன்றியே ஆகவேண்டும். தவறினால் பிடியாணை பிறக்கலாம்.

இரண்டாவது கேள்வியில்தான் பலரும் இடறுகிறார்கள். யன்னல் கண்ணாடிக்கு ஒட்டும் கறுப்பு ஸ்ரிக்கருக்கு எத்தனை வீதம் ஒளி புகவேண்டும் என்று பேசிப் பழகியதால், விளக்குக்கும் அப்படி ஓர் அளவு இருக்கும், அதை அளக்காத பொலிஸார் தோற்றுவிடுவார்கள் என்று எண்ணுகிறார்கள். விளக்கைப் பொறுத்தவரை வாதம் அங்கே தொடங்குவதில்லை. வாகனத்துக்குரிய விளக்கு, உற்பத்தியாளர் அமைத்த ஒளியைத் தராதபடி மாற்றப்பட்டிருக்கிறதா என்பதே நீதவான் முன் வரும் கேள்வி. ஸ்ரிக்கர் ஒட்டியிருப்பதைக் கண்ணால் கண்டதாக உத்தியோகத்தர் சொன்னால், அதை மறுக்க உங்களிடம் என்ன இருக்கிறது? 'சுற்றவாளி', அதாவது குற்றம் செய்யவில்லை, என்று சொல்லி வழக்கை முழு விசாரணைக்குக் கொண்டுபோக உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கடைக்காரர் எழுதிய அந்த ஒரு வரியை மட்டும் நம்பி அப்படிச் செய்யுமாறு நான் ஆலோசனை கூறமாட்டேன், ஏனெனில் அவர் சொன்னது உங்களைக் கட்டுப்படுத்தும் சட்டமும் அல்ல, நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டமும் அல்ல.

பின்பக்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனெனில் நீங்கள் அதை அழகுக்கான சிறு விடயமாகக் குறிப்பிட்டுக் கடந்துவிட்டீர்கள். முன்விளக்கின் ஒளி ஸ்ரிக்கரை ஒரு தடவை கடக்கிறது. ஆகவே பாதி குறைகிறது. பின்விளக்கோடு சேர்ந்திருக்கும், தன்மேல் படும் ஒளியைத் திருப்பி அனுப்பும் சிவப்புத் தெறிகண்ணாடியில் பின்னால் வருபவரின் ஒளி உள்ளே போகும்போது ஒரு தடவையும் திரும்பி வரும்போது இன்னொரு தடவையும் வடிகிறது. 50 வீத ஸ்ரிக்கர் அங்கே 25 வீதத்தையே மிச்சம் வைக்கிறது. இரவில் பருத்தித்துறை வீதியோரம் நிறுத்திவைத்த உங்கள் கார், பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவருக்கு இருட்டின் ஒரு துண்டாகவே தெரியும். அதைவிட, விடியுமுன் திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறி மூட்டையோடு விளக்கில்லாத சைக்கிளில் போகும் கமக்காரரை உங்கள் முன்விளக்கு எவ்வளவு பிந்திக் காட்டும் என்று எண்ணிப்பாருங்கள். அப்படி ஒரு மரணம் நேர்ந்தால், கவலையீனத்தால் மரணம் விளைவித்தமைக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு 5 ஆண்டு வரையான சிறைத்தண்டனையை விதிக்க இடமளிக்கிறது. கொக்குவிலில் எழுதப்பட்ட இந்த வழக்கே, விளக்குக் குறைபாட்டை நீங்கள் முன்கூட்டியே அறிந்திருந்தீர்கள் என்பதற்குச் சான்றாக எடுத்துக்காட்டப்படும். என்னைக் கேட்டால், நீங்கள் அஞ்சவேண்டியது தண்டத் தொகைக்கு அல்ல, இதற்குத்தான்.

காப்புறுதியையும் பாருங்கள். உங்களுடையது முழுக் காப்புறுதியாயின், வாகனத்தில் செய்த மாற்றங்களை அறிவிக்கவேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று வாசியுங்கள். இருந்தால், உங்கள் காருக்கான சேதத்தைத் தர மறுக்க நிறுவனத்துக்கு நீங்களே காரணம் கொடுத்திருக்கிறீர்கள்.

கடைக்காரர் விடயத்தில் உங்கள் நிலை பலமானது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் அல்லது ஏமாற்றும் நடத்தையை வர்த்தகருக்குத் தடைசெய்கிறது. அந்த அதிகாரசபைக்கான முறைப்பாடு எழுத்தில், சேவையைப் பெற்ற நாளிலிருந்து 3 மாதங்களுக்குள் செய்யப்படவேண்டும். உங்களுக்கு ஆறு வாரங்கள் கழிந்துவிட்டன. வாயால் சொன்னதை நிரூபிப்பது கடினம், ஆனால் அவர் தம் கையாலேயே எழுதித் தந்திருக்கிறார். இப்படி வசதியான சாட்சி எனக்குக் கிடைப்பது அரிது. பற்றுச்சீட்டின் பிரதியைக் கொடுங்கள், மூலத்தை உங்களிடமே வைத்திருங்கள்.

ஸ்ரிக்கரை இன்றே அகற்றுங்கள். ஆனால் நகத்தால் கிள்ளி இழுக்கவேண்டாம்: முன்விளக்கின் மேல்மூடி பிளாஸ்ரிக், அதன் மேற்பூச்சும் சேர்ந்து உரிந்தால் விளக்கு விரைவில் மஞ்சளாகும். தலைமயிர் உலர்த்தியால் மெதுவாகச் சூடாக்கி ஓரத்திலிருந்து உரியுங்கள், அல்லது கராஜில் செய்விக்கவும். அகற்றுமுன்னும் பின்னும் திகதியோடு படம் எடுத்து, கராஜின் பற்றுச்சீட்டையும் பெறுங்கள். அகற்றியது குற்றத்தை இல்லாமல் செய்யாது. ஆயினும் ஒப்புக்கொண்டு தண்டக் குறைப்புக் கோரும்போது அந்தப் படங்கள் உங்களுக்காகப் பேசும். நீதிமன்றத்துக்குப் பொலிஸார் தந்த பத்திரம், வாகனப் பதிவுச் சான்றிதழ், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ் ஆகியவற்றோடு காலை 9 மணிக்கு முன்பே போய்விடுங்கள்.