சாவியைக் கொடுத்தவர் தாத்தா: 17 வயதுப் பேரன் ஓட்டிய ஸ்கூட்டரும் காப்பீட்டு நிறுவனமும்

வீரவநல்லூர்ப் பக்கமிருந்து ஒரு வாசகர் மூன்று பக்கங்களில் எழுதியிருக்கும் கடிதத்தின் சாரம் இது. ப்ளஸ் டூ படிக்கும் அவருடைய மகனுக்கு 17 வயதும் நான்கு மாதமும் ஆகின்றன. 74 வயதான தாத்தா, தம் பெயரில் பதிவான ஸ்கூட்டரின் சாவியைக் கொடுத்து, சர்க்கரை மாத்திரை வாங்கி வரும்படி அவனை அனுப்பியிருக்கிறார். திருநெல்வேலி – பாபநாசம் சாலையில், வாய்க்கால் கரையிலிருந்து புல்லுக்கட்டோடு டிவிஎஸ் எக்ஸெல் வண்டியில் ஏறி வந்த 68 வயதுப் பெரியவர் மீது பையன் மோதியிருக்கிறான். பெரியவருக்குத் தொடை எலும்பு முறிந்து, ஐகிரவுண்ட் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. முதல் தகவல் அறிக்கையில் ஓட்டியவர் பெயர் இல்லை; வண்டி எண் மட்டுமே இருக்கிறது. அரசுப் பேருந்து ஓட்டுநரான வாசகரின் மைத்துனர், "நான் ஓட்டியதாகச் சொல்லிவிடலாம்" என்கிறார். "காப்பீடு நடப்பில் இருக்கும்போது நாங்கள் ஏன் பணம் தர வேண்டும், மைத்துனர் சொல்வதுபோல் செய்யலாமா?" என்பவை வாசகரின் கேள்விகள்.

பெரியவர் பார்க்காமல் சாலையில் ஏறினார், அவருடைய உரிமம் காலாவதியாகியிருந்தது, தலைக்கவசம் அணியவில்லை, அவருடைய சொந்தக்காரர்கள் கடை வாசலில் வந்து ஏசினார்கள் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். ஏசியது இந்த வழக்கில் எதையும் மாற்றாது. உடைந்தது தொடை எலும்பு என்பதால் தலைக்கவசப் பேச்சுக்கு இடமில்லை. உரிமம் இல்லாமல் ஓட்டியது தனிக் குற்றமே தவிர, அதை மட்டும் வைத்து விபத்தில் அவருக்கும் பங்கு உண்டு என்று முடிவுகட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் உரிமம் இல்லாமல் ஓட்டி அடிபட்டு இழப்பீடு கேட்டவனே 17 வயதுப் பையன்தான். பெரியவர் பார்க்காமல் ஏறியதைச் சாட்சியோடு நிரூபித்தால் இழப்பீட்டில் ஒரு பங்கு குறையலாம். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

சட்டப்படி கணக்கில் வரும் உண்மை ஒன்றுதான், அதை நீங்கள் இரண்டாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: பையனுக்கு 18 ஆகவில்லை என்பது தெரிந்தே, பதிவுச் சான்றில் பெயருள்ள உரிமையாளர் சாவியைத் தம் கையால் கொடுத்தார். இதனால், உரிமமுள்ளவரே ஓட்ட வேண்டும் என்ற காப்பீட்டின் நிபந்தனை உரிமையாளராலேயே மீறப்பட்டதாகிறது. காப்பீடு நடப்பில் இருப்பதால் அடிபட்டவருக்கு நிறுவனம் பணம் கட்டும்படி விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் உத்தரவிடலாம். கூடவே, கட்டிய தொகையை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றும் எழுதும். 2004ஆம் ஆண்டின் ஸ்வரண் சிங் தீர்ப்பிலிருந்து நிலைபெற்றுவிட்ட நடைமுறை இது. அதற்காக நிறுவனம் புதிதாக வழக்குத் தொடர வேண்டியதில்லை, அதே வழக்கில், உத்தரவை நிறைவேற்றித் தரக் கோரும் நிறைவேற்று மனு போட்டால் போதும். வைத்த இடத்திலிருந்து பையனே சாவியை எடுத்துப் போனான் என்று உரிமையாளர் வாதிட்ட ஒரு வழக்கில்கூட, வண்டி உரிமமில்லாத சிறுவன் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது உரிமையாளரின் பொறுப்பு என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கையில் கொடுத்து அனுப்பிய உங்கள் தந்தைக்கு அந்த வாதம்கூட இல்லை. ஆகவே "காப்பீடு இருக்கிறதே" என்ற உங்கள் தைரியம், நிறுவனம் இன்று கடனாகக் கொடுத்து நாளை வட்டியோடு திருப்பிக் கேட்கப்போகும் பணத்தின் மேல் கட்டியதாகும்.

இனி மைத்துனர் விஷயம். நான் அதிகம் எழுத வேண்டியது இதைப் பற்றித்தான், ஏனென்றால் என்னிடம் வந்த கட்சிக்காரர்களில் உண்மையிலேயே அழிந்தவர்கள் விபத்தினால் அழியவில்லை, ஆளை மாற்றிச் சொன்னதால் அழிந்தார்கள். அன்றிரவே மகனின் மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கட்டுப் போட்ட மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில், நாம் வழக்கமாக ஏ.ஆர். காப்பி என்று சொல்வதில், எந்த நேரத்தில், எந்த இடத்தில், எப்படி அடிபட்டது என்று பையனின் வாய்மொழியாகவே பதிவாகியிருக்கும். நிறுவனத்தின் விசாரணை அலுவலர் முதலில் கேட்டு வாங்குவது அந்தக் காகிதத்தைத்தான். அடுத்து 108 ஆம்புலன்ஸ் பதிவு, பெட்ரோல் பங்க் கேமரா, மைத்துனர் அன்று எந்தப் பணிமனையில் எத்தனை மணி வரை பணியில் இருந்தார் என்ற வருகைப் பதிவு. அரசுப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் அந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்பதைக் கண்டுபிடிப்பதைவிட எளிய வேலை அவர்களுக்குக் கிடையாது.

பிடிபட்டால் என்ன ஆகும் என்பதையும் வரிசையாக யோசித்துப் பாருங்கள். ஓட்டியவர் யார் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 133ஆம் பிரிவின்படி எழுதிக் கொடுக்க வேண்டியவர் வண்டியின் உரிமையாளர், அதாவது 74 வயதான உங்கள் தந்தை. பொய்யான அந்தக் கடிதத்தில் இருக்கப்போவது அவர் கையெழுத்து. நீதிமன்றத்தில் பொய்ச் சாட்சி சொன்னால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 229ஆம் பிரிவும், உண்மைக் குற்றவாளியை மறைத்ததற்கு 238ஆம் பிரிவும் உங்கள் குடும்பத்தில் ஒவ்வொருவர் மீதும் பாயக்கூடும். எல்லாவற்றையும்விட மோசமானதை மைத்துனர் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். 68 வயதில் தொடை எலும்பு முறிந்து படுத்தவர்கள் சில மாதங்களில் நுரையீரல் தொற்றிலோ இரத்தக் கட்டியிலோ இறந்துபோவதுண்டு. அப்படி நேர்ந்து, விபத்துதான் காரணம் என்று மருத்துவர் சொல்லிவிட்டால், இன்று கண்மூடித்தனமாக ஓட்டியது, காயப்படுத்தியது என்று 281, 125 ஆகிய பிரிவுகளில் இருக்கும் வழக்கு, கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கான, ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உள்ள 106ஆம் பிரிவுக்கு மாறிவிடும். அன்று மைத்துனர் "நான் ஓட்டவில்லை" என்று சொன்னால் பொய் வெளிப்படும், சொல்லாவிட்டால் வேலையும் உரிமமும் போகும். அக்காள் மகனுக்காக அவர் செய்ய முன்வந்தது பாசத்தினால்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவரிடம் நன்றி சொல்லி, இந்த யோசனையை இன்றே கைவிடச் சொல்லுங்கள்.

உண்மையைச் சொன்னால் பையனின் எதிர்காலம் போய்விடும் என்று அஞ்சுகிறீர்கள். அவன் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்திற்குத்தான் போகும். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, அதனால் பின்னாளில் அவனுக்குத் தகுதியிழப்பு வராமல் காக்கிறது. அவனுக்கு உண்மையில் வரும் இழப்பு, 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் பெற முடியாது என்பதே. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த 199ஏ பிரிவின் சுமை பெரியவர்கள் மேல்தான் இருக்கிறது: பாதுகாவலருக்கு அல்லது உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும், ஸ்கூட்டரின் பதிவு 12 மாதத்திற்கு ரத்தும் அதில் உண்டு. அடிபட்ட பெரியவரோடு சமாதானமாகப் போவதால் இந்தப் பிரிவு மறைந்துவிடாது. ஆனால் தண்டனை பேசப்படும் நாளில், அடிபட்டவருக்கு உரியது கொடுக்கப்பட்டுவிட்டது என்று சொல்ல முடிவது பெரிய துணை.

ஆகவே என் யோசனை சமரசம்தான். 66 முதல் 70 வயது வரையுள்ளவருக்கு வருமான இழப்பைக் கணக்கிடும் பெருக்கெண், அதாவது ஆண்டு வருமானத்தைப் பெருக்கும் எண், 5 மட்டுமே என்பதால், மருத்துவச் செலவும் ஊனத்தின் அளவும் சேர்ந்தாலும், நீங்கள் இரவெல்லாம் நினைத்துப் பயப்படும் தொகை வராது. வழக்கை நான்கு ஆண்டு இழுத்து, வட்டியோடு அதையே கட்டுவதில் என்ன லாபம்? பெரியவர் மனுப் போடாமல் விட்டுவிடுவார் என்றும் காத்திருக்க வேண்டாம். காவல்துறை தீர்ப்பாயத்திற்கு அனுப்பும் விபத்து அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ள மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவு இடம் தருகிறது.

ஆனால் சமரசத்திலும் இரண்டு குழிகள் உண்டு. காவல் நிலையத்திலோ ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையிலோ இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி, ரொக்கமாகப் பணம் கொடுத்துவிட்டு வந்தவர்களுக்கு, எட்டு மாதம் கழித்துத் தீர்ப்பாயத்திலிருந்து அழைப்பாணை வந்ததை நான் பல முறை பார்த்திருக்கிறேன். பேச்சை மக்கள் நீதிமன்றத்தில் முடியுங்கள். அதன் தீர்வு இறுதியானது, அதன் மேல் மேல்முறையீடு இல்லை. இரண்டாவது, காப்பீட்டு நிறுவனத்தையும் அங்கே அழைத்தால், "உரிமையாளரிடம் வசூலிக்கும் உரிமைக்கு உட்பட்டு" என்ற ஒரு வரியோடு அவர்கள் சமரச வரைவு தயாரித்து வருவார்கள். மாலை நான்கரை மணிக்கு, எல்லோரும் பேருந்துக்குக் கிளம்பும் அவசரத்தில், அந்த வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு. அந்த வரி இருக்குமானால் எவ்வளவு, எத்தனை தவணை, வட்டி உண்டா என்பதை அங்கேயே பேசி எழுதுங்கள்.

தந்தையின் வயலை உங்கள் மனைவி பெயருக்கு எழுதி வைத்துவிடலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். விபத்துக்குப் பிறகு எழுதிய அந்தப் பத்திரத்தைச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 53ஆம் பிரிவைக் காட்டி உடைப்பார்கள், உங்கள் நேர்மையின் மேலும் கறை படியும்.

அம்பாசமுத்திரம் நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மக்கள் நீதிமன்றப் பேச்சுக்காக மனுக் கொடுக்கும்போது பதிவுச் சான்று, காப்பீட்டுப் பத்திரம், முதல் தகவல் அறிக்கை ஆகியவற்றின் நகல்களோடு உங்கள் தந்தையையும் நேரில் அழைத்துச் செல்லுங்கள். வண்டி அவர் பெயரில் இருப்பதால், அவருக்குப் பதிலாக நீங்கள் போடும் கையெழுத்து அங்கே செல்லாது. அவரை ஸ்கூட்டரில் வரவிடாதீர்கள். அவருடைய உரிமமும் இரண்டு ஆண்டுக்கு முன்பே காலாவதியாகிவிட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஓராண்டு கடந்துவிட்டதால் இனி ஓட்டிக் காட்டும் தேர்வு இல்லாமல் அதைப் புதுப்பிக்க முடியாது.